அந்தத் தாத்தா விவசாயி இல்லை

'என் தாத்தா' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே வகுப்பு. நோட்டை வாங்கிப் பார்த்தால் எல்லா நோட்டிலும் ஒரே தாத்தா. வெள்ளை வேட்டி கட்டியவர். விவசாயி. விடியற்காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். பொழுது சாய்ந்ததும் ஆலமரத்தடியில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து நீதிக்கதை சொல்வார். கடைசி வரியில் எல்லாரும் அவரை முன்மாதிரியாகக் கொண்டு வாழப் போகிறார்கள்.

இந்த ஊர் கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயல். நாங்கள் இருப்பது சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில். இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களில் ஒருவருக்கும் சொந்தமாகக் காணி நிலம் இருந்ததில்லை. நிலம் இல்லாததால்தான் அவர்களுடைய முன்னோர்கள் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். வந்து பூமிக்குள் இறங்கினார்கள். அவர்களுடைய பேரன்கள் உட்கார்ந்து, இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தாத்தாவை எழுதுகிறார்கள்.

"எங்கேருந்துடா பிடிச்சீங்க இந்தத் தாத்தாவை?" என்று கேட்டேன்.

"போன்ல கேட்டோம் மிஸ். தலைப்பு போட்டா அதுவே எழுதிக் குடுத்துடுது."

வீட்டில் போன் சும்மா கிடைக்காத பிள்ளை கைடைப் பார்த்து எழுதியிருந்தது. கைடிலும் அதே ஆலமரம். போனுக்கும் கைடுக்கும் எங்கள் ஊரைத் தெரியாது, அவற்றோடு சண்டை போட்டு ஆவதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியும். தாத்தா யார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், நோட்டில் எழுதுவதற்கு அந்தத் தாத்தா லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் வயிற்றெரிச்சல் அதுதான். இத்தனை சின்ன வயதில் இதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த ஊர் சாதாரண ஊரா? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். இவ்வளவும் நடந்த இடத்தில் பிறந்த பிள்ளைக்கு, கட்டுரை என்று வந்தால் எழுத ஒன்றுமில்லையாம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. அவனுடைய தாத்தாவை எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அண்டர்கிரவுண்டு வேலை. பாறைத் தூசி நெஞ்சில் படிந்து, இப்போது படுத்தால் மூச்சு வராது. ராத்திரி முழுக்கச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அந்தப் பையன் அவருக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறான். நள்ளிரவில் இருமல் வந்தால் வெந்நீர் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அவன் நோட்டிலும் ஆலமரம்.

கிழிக்கச் சொல்லவில்லை. "இது இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி தாத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. உள்ளே போனா எது ரொம்பக் கஷ்டம்னு கேளு. அவர் சொல்றதை அவர் சொல்ற மாதிரியே எழுதிக்கிட்டு வா" என்றேன்.

மறுநாள் வந்தான். நான் எதிர்பார்த்தது சூடு, இருட்டு, பாறை வெடிப்பு. அத்தனை ஆழத்தில் பாறையின் சூடே அறுபது டிகிரியைத் தாண்டும், சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. அதெல்லாம் இந்த ஊரில் எல்லாரும் சொல்வது. இவன் தாத்தா சொன்னது வேறு. வெடிமருந்துக் குச்சியைத் தொட்ட கையால் தெரியாமல் நெற்றியைத் துடைத்துவிட்டால் மண்டை பிளக்கிற மாதிரி வலி வருமாம். அந்த மருந்தின் குணம் அப்படி. வலியோடு வீட்டுக்கு வந்து பேசாமல் படுப்பார். பாட்டி, இவர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சண்டை பிடிப்பார். கல்யாணமான புதிதில் பல மாசம் இந்தச் சண்டை. 'மருந்து' என்று இவர் சொல்வார், எந்த மருந்து என்று பாட்டிக்குத் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அதே தலைவலியோடு வந்து வாசலில் சுருண்டு படுத்தபோதுதான் பாட்டிக்குப் புரிந்ததாம். அன்றைக்குப் பாட்டி அழுதார் என்று பையன் எழுதியிருந்தான். 'தாத்தா இதைச் சொல்லும்போது பாட்டி சமையல்கட்டில் இருந்து, அழலைன்னு கத்தினாங்க' என்றும் எழுதியிருந்தான்.

நான் முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள். இப்படி ஒரு வரியைப் படிப்பதற்காகத்தான் இந்த வேலையே. அவனுக்கு அது தெரியவில்லை. "இதெல்லாம் எழுதலாமா மிஸ்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எழுதலாம், இதைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, கூடவே உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அவனே சொல்லுக்குச் சொல் கொண்டுவரும்வரை பொறுத்திருந்து எழுதவைத்து அனுப்பினேன்.

திரும்பி வந்த நோட்டைப் பார்த்தேன். தலைவலி, சண்டை, பாட்டி எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு. கொடுத்த குறிப்புகளின்படி எழுதவும் என்று ஓரத்தில் ஒரு வரி. பத்துக்கு நாலு. ஆலமரம் எழுதியவர்களுக்கு எட்டு, ஒன்பது. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. இது ஒரு பள்ளியின் பழக்கம் இல்லை. நான் பார்த்த பள்ளிகளில் பலவற்றில் இதேதான்.

அவன் அம்மா வந்து நின்றாள். "நீங்களே எழுதிக் குடுத்திருந்தா நல்ல மார்க்கு வந்திருக்கும் இல்ல மிஸ்? இவனை எதுக்கு எழுதவிட்டீங்க?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது? கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. அவள் பெங்களூரில் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரின் பாதி உயிர் ரயிலில்தான் இருக்கிறது. மாரிகுப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருட்டில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், வேலை செய்துவிட்டுத் திரும்ப இருட்டில் வந்து இறங்குகிறார்கள். நாளுக்கு நாலைந்து மணி நேரம் ரயில் பெட்டியிலேயே போகிறது. ஷிஃப்ட்டுக்குச் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் அப்பாவாவது பகலிலோ ராத்திரியிலோ ஒருவேளை வீட்டில் இருப்பார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளை அம்மா முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறது. அந்தப் பெண்மணிக்கு மார்க்குதான் கண்ணுக்குத் தெரியும். வேறு எதைப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறோம்?

ஆனால் அவளைப் பற்றியும் கட்டுரை வருகிறதே! 'என் அம்மா' என்று ஒரு தலைப்பு வருஷம் தவறாமல் வரும். அதற்குப் பிள்ளைகள் எழுதுவது: அம்மா காலையில் அன்போடு எழுப்பி, பால் கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பிவைப்பார். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா போவது விடிவதற்கு முன்னால். தலை வாரிக்கொள்வது அவளே. தம்பிக்கும் அவளே. "காலையில நீ எழுந்தா முதல்ல என்ன பார்ப்பே?" என்று கேட்டேன். "அரிசி டப்பா மூடி மேல காசு வெச்சிருப்பாங்க மிஸ். பாலுக்கு ஒரு குவியல், பஸ்ஸுக்கு ஒரு குவியல். தம்பிக்குப் பரீட்சை இருந்தா ஒரு மிட்டாய்க்குச் சேர்த்து வெப்பாங்க. அதைப் பார்த்துத்தான் இன்னிக்குப் பரீட்சைன்னு எனக்கே ஞாபகம் வரும்" என்றாள்.

அந்த மூடி மேல் இருக்கும் காசுக் குவியலை எழுது கண்ணு என்றால், "அது அசிங்கமா இருக்கும் மிஸ், பெஞ்சுல எல்லாரும் சிரிப்பாங்க" என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தி எழுதவைப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வேலைக்குப் போகும் அம்மா இருட்டில் சத்தமில்லாமல் எண்ணி வைத்துவிட்டுப் போகும் காசில் என்ன அசிங்கம் இருக்கிறது?

இன்னொரு இடைஞ்சல் மொழி. வீட்டில் தமிழ். தெருவில் தமிழும் தெலுங்கும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ்வழிப் பள்ளிகள் நிறைய இருந்த ஊர் இது. இப்போது இருப்பது சொற்பம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழில் பெயரைக்கூட எழுத வராது. கன்னடம் படிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த மாநிலத்தில் பிறந்த பிள்ளைகள் கன்னடம் நன்றாகவே படிக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை துக்கப்படுவதும் சிரிப்பதும் எந்த மொழியிலோ, சொந்தக் கதை முதலில் அந்த மொழியில்தான் வரும். நேராக ஆங்கிலத்தில் எழுது என்றால், ஆங்கிலத்தில் அவனுக்குத் தெரிந்த வாக்கியம் எதுவோ அதுதான் வரும். அவனுக்குத் தெரிந்தது கைடு வாக்கியம். அதனால்தான் என் திண்ணையில் முதல் அரை மணி நேரம் பேனாவைத் தொடவிடமாட்டேன். வாயால் சொல்லு. தமிழில் சொல்லு. இன்னா, இங்கேர்ந்து, வந்துகினு என்று உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லு. பக்கத்தில் இருப்பவன் கேட்டுச் சந்தேகம் கேட்கட்டும். பிறகு எழுது. இது மெதுவாக நடக்கிற வேலை. ஒரு கட்டுரைக்கு இரண்டு சாயங்காலம் போய்விடும். நாளைக்கே நோட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பும் பள்ளிக்கு இந்த இரண்டு சாயங்காலம் இருக்கிறதா?

'எங்கள் ஊர்' என்று தலைப்பு வந்தபோது நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 2018-இலும் 2022-இலும் எங்கள் ஊரின் சுருக்கப் பெயரில் 'கேஜிஎஃப்' என்று இரண்டு படங்கள் வந்தன. பிள்ளைகள் பார்த்தார்கள், சந்தோஷம். ஆனால் ஊர் வரலாறு எழுது என்றால் அந்தப் படத்தின் கதாநாயகனை எழுதுகிறார்கள். தன் கொள்ளுத்தாத்தா என்ன செய்தார் என்பதை எழுதுவதில்லை. 1930-இல் விரல்ரேகைப் பதிவு வேண்டாம் என்று இந்தச் சுரங்கங்களின் தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கற்பனைக் கதாநாயகன் தேவைப்படாத ஊர் இது. யாராவது சொன்னால்தானே தெரியும்?

அறிவியல் கட்டுரையிலும் இதே கதைதான். நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பற்றி ஒரு பெண் எழுதினாள், ஜப்பான், அமெரிக்கா என்று உலகத்தைச் சுற்றி வந்தாள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ முதன்முதலாகப் பிடிபட்ட இடங்களில் ஒன்று அவள் வீட்டுக்குக் கீழே இருக்கிறது. 1965-இல், சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்டில், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வு. மேலே இருக்கும் பாறைதான் மற்றக் கதிர்களை வடிகட்டியது. அந்தப் பாறையைக் குடைந்து இடம் செய்து கொடுத்தது நம் ஆட்கள். அவள் எழுதிய நாலு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது தத்துவக் கட்டுரைதான்.

டிகிரி முதல் வருஷம் படிக்கும் பெண். சின்ன வயசில் என்னிடம் படித்தவள், இப்போதும் வருவாள். துன்பம் எதனால் வருகிறது, உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டி எழுதுங்கள் என்று கொடுத்திருக்கிறார்கள். அருமையான கேள்வி. அந்தக் கேள்வியைக் கொடுத்த ஆசிரியரை நான் மனசாரப் பாராட்டுகிறேன். இவள் போனில் எடுத்துப் பத்துப் பக்கம் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். கிரேக்கர், ஜெர்மானியர் என்று பெயர் பெயராக இருக்கிறது. அவர்கள் பெரியவர்கள், படிக்கத்தான் வேண்டும். சொந்த வாழ்க்கை எங்கே என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் பரீட்சையில் மார்க் குறைந்ததால் துன்பப்பட்டேன், பிறகு முயற்சியால் வென்றேன் என்று இரண்டு வரி. அவள் அப்பா வேலை போய், பெங்களூரில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு நின்று, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பத்துப் பக்கத்தில் அவர் இல்லை.

"உங்க வீட்டு நடுக்கூடத்துல ஒரு படம் இருக்கே, யாரு அது?"

"புத்தர் மிஸ். பக்கத்துல அம்பேத்கர். கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு. சாமி படம்."

அது சாமி படமா? துன்பம் எதனால் வருகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இந்த ஊர்த் தொழிலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே மல்லுக்கு நின்றதன் அடையாளம் அல்லவா அது? தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை உண்டு. 1914-இல் பண்டிதர் இறந்துபோனார். 1926-இல் பண்டிதர் வழிவந்த ஜி. அப்பாதுரையார் அந்தப் பத்திரிகையை 'தமிழன்' என்ற பெயரில் இந்தத் தங்கவயலிலிருந்தே திரும்பக் கொண்டுவந்தார். இங்கே சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்று இருந்தது, பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. யார் வாங்கினார்கள்? யார் படித்தார்கள்? கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய மனிதர்கள். ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்து, பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவனாவது எப்படி, ஆசைக்கும் துக்கத்துக்கும் என்ன தொடர்பு, செத்த பிறகு என்ன என்று உட்கார்ந்து பேசினார்கள். படித்தவர் படிக்க, படிக்காதவர் கேட்டார். 1954-இல் அம்பேத்கர் இங்கே வந்தபோது, புத்தரைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசிக்கொண்டிருந்த ஊருக்குத்தான் வந்தார்.

துன்பத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குச் சொந்த உதாரணத்தோடு பதில் தேடியவர்களின் கொள்ளுப்பேத்தி இவள். இவளிடம் அந்தப் புத்தகங்கள் இல்லை. அவள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்ததாம், வெள்ளையடிக்கும்போது கரையான் என்று சொல்லி எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கேட்டதும் எனக்குக் கை காலெல்லாம் ஓய்ந்துபோனது. பண்டிதரின் எழுத்துகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வந்ததே, அது யாரோ சில குடும்பங்கள் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பூட்டிக் காத்ததால்தான். காத்தவர்கள் கொஞ்சம். எடைக்குப் போட்டவர்கள்தான் அதிகம்.

அன்றைக்கு அவளோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்பா ஏடிஎம் வாசலில் நின்றபோது எதற்காகத் துன்பப்பட்டார்? சம்பளம் குறைவு என்பதற்காகவா? "இல்ல மிஸ். அண்டர்கிரவுண்டுல இருந்தப்போ அவரை நம்பி மத்தவங்க உயிரு இருந்துச்சாம். டிம்பர் நிறுத்துற வேலை. கூரை விழாம தாங்குறது. இங்க யாருமே தன்னைப் பார்த்துக்கூடப் பேச மாட்டேன்றாங்கன்னு சொல்வாரு." இதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "அப்போ துன்பம்ன்றது இல்லாததால மட்டும் வர்றதில்ல மிஸ். தேவைப்படாம போறதாலயும் வருது." புத்தகத்தைப் பார்க்காமல், போனைப் பார்க்காமல், அப்பாவை நினைத்துச் சொன்னாள். இதைத்தான் தத்துவம் என்று நான் நினைக்கிறேன். கிரேக்கர் சொன்னதோடு இதை ஒட்டிப் பார், வெட்டிப் பார், எது சரி என்று நீயே எழுது என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

உதவி செய்வது என்றால் என்ன என்பதிலேயே எல்லாருக்கும் குழப்பம் இருக்கிறது. பெற்றோருக்கு உதவி என்றால் நான் எழுதிக் கொடுப்பது. பள்ளிக்கு உதவி என்றால் எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்புவது. பிள்ளைக்கு உதவி என்றால் சீக்கிரம் முடிவது. போன் இந்த மூன்றையும் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறது. பிறகு நான் எதற்கு? பிள்ளை சொல்வதைக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். 'அப்புறம்? அதுக்கு நீ என்ன சொன்னே? நெஜமாவா?' என்று கேட்க ஒரு ஆள். கணக்குக்கும் இலக்கணத்துக்கும் வேறு வழி இருக்கலாம். சொந்தக் கதைக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படிப் பேசவைத்து எழுதவைத்த இடம் ஒன்று உண்டு. இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக் கிராமம். லொரேன்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிகள் ஃபெயிலாக்கி வெளியே தள்ளிய ஏழைப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசிப் பேசித் திருத்தி, தங்களை ஃபெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967-இல் அது புத்தகமாக வந்து உலகமெல்லாம் போனது. தமிழிலும் வந்திருக்கிறது. நம் பக்கத்தில் எழுத்தாளர் பாமா 1992-இல் 'கருக்கு' என்ற தன்வரலாற்றை எழுதினார். தன் ஊர்த் தெருவை, தன் பாட்டியை, தங்கள் பேச்சிலேயே எழுதினார். அதை இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கிறார்கள். மேலே பாடமாக வைப்பதைக் கீழே எட்டாம் வகுப்பு நோட்டில் சிவப்புக் கோடு போட்டு அடித்தால் அடுத்த பாமா எங்கிருந்து வருவார்?

ஆசிரியர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன். உங்களுக்கு அறுபது நோட்டு, எழுபது நோட்டு, எனக்குத் தெரியும், நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவள். குறிப்புச்சட்டகம் கொடுக்காமல் இருக்க முடியாது என்றும் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் சட்டகம் இல்லாமல் விடுங்கள். அதில் ஆலமரத்துக்கு மார்க் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிழை இருந்தால் வட்டம் போடுங்கள், அடிக்காதீர்கள். பிள்ளை தன் வீட்டைப் பற்றி எழுதிய வரியை வகுப்பில் உரக்கப் படித்து, நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். பெஞ்சில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு, அது எங்கள் லைன் பெரியவர்களிடம். பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொன்னால், "அதெல்லாம் இப்ப எதுக்கு? போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று விரட்டிவிடுகிறீர்கள். நெஞ்சு வலிக்கிறது, பேச முடியவில்லை என்றால் புரிகிறது. ஆனால் பலபேர், இந்தப் பிழைப்பைச் சொல்லி என்ன பெருமை என்றுதான் வாயை மூடிக்கொள்கிறீர்கள். நீங்கள் மூடிய இடத்தில்தான் அந்த விவசாயித் தாத்தா வந்து உட்காருகிறார். அடுத்த மாசம் 'ஒரு தொழிலாளியின் ஒருநாள்' என்று தலைப்பு வரப்போகிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டைப் பக்கமும் மாரிகுப்பம் பக்கமும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நோட்டும் கையுமாக அனுப்புகிறேன். எந்த ஷாஃப்டில் இறங்கினீர்கள், எந்த லெவலில் வேலை, கூட யார் இருந்தார்கள், சாப்பாட்டுத் தூக்கில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். கேட்கத் தெரியாமல் அசட்டுத்தனமாகக்கூடக் கேட்பார்கள். விரட்டாதீர்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.